பணப்பையும் திறன்பேசியும்

இன்று பலருடைய பணப்பையில் பணத்தைவிட அட்டைகளே மிகுதி. ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, வங்கிகளின் பற்று அட்டைகள் என அவை பெருகிக்கொண்டே செல்கின்றன. இவை அனைத்தின் பணியையும் ஒரே கருவி செய்துவிடாதா என்னும் ஆவல் இயல்பானதே. அதற்குப் பாதி விடை கிடைத்தும்விட்டது. 2016-இல் அறிமுகமான யுபிஐ முறையால் தெருவோரம் கீரை விற்பவரும் கியூஆர் குறியீட்டின் வழியே பணம் பெறுகிறார். டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமத்தை மூல ஆவணத்துக்கு இணையாக ஏற்குமாறு 2018-இல் நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

மீதிப் பாதிதான் சிக்கலானது. அமெரிக்காவில் 2013-இல் 'காயின்' என்னும் கருவி அறிவிக்கப்பட்டது. வங்கி அட்டையின் அளவே உடைய அது, பல அட்டைகளின் காந்தப்பட்டைத் தகவல்களைத் தன்னுள் பதிந்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் வேண்டிய அட்டையாக மாறிவிடும். 2015-இல் அது மக்கள் கைக்கு வந்தபோது, அந்நாட்டு வங்கிகளோ காந்தப்பட்டையை விட்டுச் சில்லு பொருத்திய அட்டைகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. எளிதில் படியெடுக்க இயலாமையே சில்லின் சிறப்பு. படியெடுப்பதே அக்கருவியின் தொழில்! 2016-இல் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பம் வேறொரு நிறுவனத்திடம் கைமாறியது. மறு ஆண்டே சேவையும் நின்றது. அட்டையை வழங்கியவர் இசையாதவரை, எந்தக் கருவியும் அதன் இடத்தில் நிலைத்து நிற்க முடியாது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இன்றைய திறன்பேசிக்கு அந்த இசைவு உண்டு. ஆயினும் ஒன்றை இழந்தால் அனைத்தையும் இழக்கும் இடர் அதனோடு சேர்ந்தே வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, அலைபேசி இணைப்பும் இல்லை. வங்கி அட்டைகளும் அப்போது பெரிதாகப் பயன்பட்டிருக்க முடியாது என்பது உண்மையே. எனினும் அடையாள அட்டைக்கு மின்கலம் தேவையில்லை.

எனவே திறன்பேசி அட்டைகளுக்குத் துணையாகட்டும். அதுவே நுழைவுச்சீட்டாகிவிடக் கூடாது. அட்டையை நீட்டுபவரிடம் 'செயலியில் காட்டுங்கள்' என்று கூறும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இருத்தலாகாது. ஒரே திறன்பேசியை வீடே பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இங்குப் பல. அதை எடுத்துக்கொண்டு மகன் வேலைக்குச் சென்ற பின்பு, நியாயவிலைக் கடைக்கு மூதாட்டி கொண்டுசெல்வது குடும்ப அட்டையைத்தான்.