நத்தார்ப் பரிசும் விளையாத வெள்ளாமையும்

கல்முனைக் கரையோரத்து மக்களின் கைகளில் பணம் மிகவும் அருகியிருக்கும் மாதங்களுள் டிசம்பரும் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் விதைத்த பெரும்போக வெள்ளாமை அப்பொழுது பச்சைப் பயிராக நிற்கும். அறுவடைக்குப் பெப்ரவரி, மார்ச் வரை காத்திருக்கவேண்டும். விதைநெல்லுக்கும் பசளைக்கும் உழவுக்கூலிக்கும் என்று இருந்த பணமெல்லாம் வட்டைக்குள் போயிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றினாற் கடல் கொந்தளிக்கும்; கரைவலைத் தோணிகள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடக்கும். மருதமுனையின் நெசவாளர் சாயமிட்ட நூலை உலர்த்துவதற்கு வெயிலைப் பார்த்திருப்பர். நாட்கூலிக்குச் செல்வோர்க்கு மழை நாளில் வேலையில்லை. இத்தகைய மாதத்தின் 25ஆம் நாளிலேதான் நத்தார் வருகின்றது. ஓராண்டின் மிகப் பெரிய வீட்டுச் செலவும் அந்நாளிலேயே வந்து விழுகின்றது.

இது கல்முனையிற் சிறுதொகையினராக வாழும் கிறிஸ்தவ மக்களின் வீட்டு விவகாரம் என மற்றையோர் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. இங்கு பெரும்பான்மையினரான முஸ்லிம்களின் நோன்புப் பெருநாள், சந்திரக் கணக்கின்படி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நத்தாரும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன; 2033ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் அவ்வாறே அண்மித்து வரவுள்ளன. இந்துக்களின் தீபாவளியோ, வயலுக்குச் செலவு செய்தே தீரவேண்டிய விதைப்புக் காலத்தை ஒட்டி வருகின்றது. மூவர்க்கும் உடுப்பு விற்பது ஒரே கடைத்தெரு. மூவர்க்கும் சோறிடுவன ஒரே வயலும் கடலும். எனவே நத்தார்ப் பரிசின் செலவைப் பற்றிப் பேசுவது ஊர் முழுவதன் வரவு செலவைப் பற்றிப் பேசுவதேயாகும்.

பண்டிகைப் பரிசை ஒழிக்கவேண்டும் என்பது நமது வாதமன்று. பரிசு என்ற பெயரால் நடைபெறும் வரி அறவீட்டையே நாம் எதிர்க்கின்றோம். நத்தார் நெருங்கும்போது ஒரு நடுத்தர வீட்டிற் தயாராகும் பட்டியலை நோக்குக. பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு உடுப்பு. நள்ளிரவு ஆராதனைக்கு ஒன்று, பகலுக்கு மற்றொன்று. பெற்றோருக்கு வேட்டியும் சேலையும். மருமகனுக்குக் காற்சட்டையும் சேர்ட்டும். மணமான முதலாண்டாயின் கைக்கடிகாரமோ கைத்தொலைபேசியோ வேறு. சம்பந்தி வீட்டுக்குக் கேக்கும் பலகாரமும். ஞானப்பிள்ளைகளுக்குத் தனியே. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாம் அருகே ஒரு சிறு குடிலுக்கு ஒதுங்கிக்கொள்வது கீழ்க்கரைப் பெற்றோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். வீட்டையே எழுதிக் கொடுத்தவர்களிடம் ஆண்டுதோறும் உடுப்பையும் எதிர்பார்ப்பது எந்த நியாயத்தின்பாற்படும்? “மாமி என்ன தந்தா?” என்று அயலவர் மருமகனிடம் கேட்கப்போகும் அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே அத்தாய் தன் காதுத்தோட்டை அடகு வைக்கிறாள். அச்சத்தினாற் கொடுப்பது வரியேயன்றிப் பரிசாகாது.

கொடைக்குள் மறைந்திருக்கும் இக்கட்டாயத்தை அறிஞர் அறியாமலில்லை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய தமது ஆய்விலே, கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்றும் கடமைகளாகவே ஒன்றோடொன்று பிணைந்துள்ளமையை விளக்கினார். வறியார்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவை மீளப்பெறும் நோக்குடைய கைமாற்று என்று வள்ளுவர் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே பிரித்துவைத்தார். அத்துடன் நில்லாது, வலியறிதல் என்னும் அதிகாரத்திலே, ஈவோனும் தன் வரவின் அளவறிந்தே ஈதல்வேண்டும் என்றும் வகுத்தார். அரசனுக்குரிய அதிகாரத்தில் அதனை அவர் வைத்தமை நோக்கற்பாலது. அளவறியாத ஈகை அரசையே அழிக்குமாயின் ஒரு மீனவன் வீட்டை அழிக்காதா?

“ஆண்டுக்கு ஒரு நாள்தானே, அன்றாவது மனம்போலச் செலவிடலாகாதா?” என்பது நமக்கு எதிராக எழும் முதல் வாதம். ஒரு நாட் செலவு ஒரு நாளோடு முடிவதில்லை என்பதே இதற்கு விடை. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 3,000 ரூபாப்படி பரிசு வாங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 ரூபா. கையிற் பணமின்மையால் அத்தொகையை மாதம் நூற்றுக்குப் பத்து என்ற ஊர்வட்டிக்கு வாங்கி, மார்ச் மாத அறுவடையிற் திருப்பிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாத வட்டி மட்டும் 7,200 ரூபா. இரண்டு பேருக்கு இன்னுமொரு முறை பரிசு வாங்கக்கூடிய தொகையை விடக் கூடுதலான இப்பணம், உறவினர் எவருக்கும் போய்ச் சேரவில்லை. வட்டிக்காரருக்கு அளித்த நத்தார்ப் பரிசாகவே முடிந்தது. இதுவும் வெள்ளாமை விளைந்தால் நிகழும் கணக்கு. 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையில் அம்பாறை மாவட்டத்து வயல்கள் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திரார். அறுக்காத நெல்லை நம்பிக் கடன்பட்டவன் அந்த வெள்ளத்திற்குப் பின் எதை அறுத்துக் கொடுப்பான்?

“பரிசு குறைந்தால் உறவு குறையும்” என்பது இரண்டாம் வாதம். யோல் வோல்ட்போகல் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1993இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நத்தார்ப் பரிசுகளைப் பெற்ற பல்கலைக்கழக மாணவரிடம் அவற்றின் மதிப்பை வினவினார். கொடுத்தவர் செலவிட்ட பணத்திற் பத்திலொன்று முதல் மூன்றிலொன்று வரையான பகுதி, பெற்றவர் மதிப்பில் வீணாகியிருப்பதாக அவர் கணக்கிட்டார். அன்பை இவ்வாறு நிறுத்துப் பார்க்கலாகாது என்று அவரை மறுப்போரும் உளர். அம்மறுப்பில் நியாயமும் உண்டு. ஆயின் அவர் காட்டிய வழியில் நம் வீடுகளின் அலுமாரிகளைத் திறந்து பார்த்தல் தகும். உடம்புக்குப் பொருந்தாத சேர்ட்டும், பெட்டி பிரிக்கப்படாத கண்ணாடிக் குவளைகளும் எத்தனை! ஒரு வீட்டுக்கு வந்த பரிசு, கடதாசி மட்டும் மாறி, அடுத்த ஆண்டு வேறொரு வீட்டுக்குப் போவதை யாவரும் அறிவர். இவ்வாறு சுற்றித் திரியும் பெட்டியாலா உறவு நிலைக்கிறது?

மூன்றாவது கூட்டத்தினர் நம் பக்கம் நிற்பதுபோலத் தோன்றுவோர். “ஏழைகள் வீண்விரயம் செய்கின்றனர், சிக்கனம் அறியார்” என்று மேடைதோறும் போதிக்கும் இவர்களையும் நாம் மறுக்கவேண்டும். புதுச் சட்டையோடு ஆலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ செல்லும் குழந்தையின் மகிழ்ச்சி விரயமன்று. உண்மையில் ஊரின் அளவுகோலை உயர்த்தியவர் ஏழைகளல்லர். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும், மத்திய கிழக்கிலிருந்து பணம் அனுப்புவோரின் குடும்பங்களுமே அதனை உயர்த்தினர். அரச ஊழியருக்குப் பண்டிகை முற்பணம் உண்டு. அது வட்டியின்றிச் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கழிக்கப்படும். முல்லைக்காரனுக்கும் கரைவலை இழுப்பவனுக்கும் அத்தகைய முற்பணம் தருவார் யார்? முற்பணம் உள்ளவன் வகுத்த அளவை முற்பணம் இல்லாதவனும் எட்டவேண்டியதாயிற்று. வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைப்பவனும் இவ்வலையிலிருந்து தப்பவில்லை. விடுமுறைக்கு வரும்போது அவன் கொணரும் பெட்டியின் நிறையைக் கொண்டே அவன் அன்பின் நிறையைக் கணிக்கும் உறவினர் பலர்.

2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் நுண்நிதி நிறுவனங்களிடம் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. சிறு கடன் எவ்வளவு பெரிய சுமையாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பின்னர் 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அதன்பின் பணவீக்கம் தணிந்தது. ஆயினும் ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பட்டியல் மட்டும் அன்று போலவே இன்றும் நீளமாக இருக்கின்றது. வராத வருவாயை நம்பிக் கடன்பட்ட நாட்டின் கதியைக் கண்ட பின்னரும் அதே வழியில் வீட்டை நடத்துவோமாயின் அது பேதைமையாகும்.

சமயங்கள் இவ்விடயத்தில் நமக்கு இடையூறாக நிற்கவில்லை. உண்மையில் அவை நமக்குத் துணை. நோன்புப் பெருநாட் தொழுகைக்கு முன் வழங்கவேண்டிய பித்ராத் தருமத்துக்கு இஸ்லாம் தலைக்கு ஒரு ஸாஉ தானியம் என அளவு வகுத்துள்ளது. தன் வீட்டாரின் அன்றைய உணவுக்கு மேல் மிஞ்சியிருப்பவனுக்கே அது கடமை. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணைச் செல்வரிலும் மேலாகப் போற்றுகிறது கிறிஸ்தவ வேதம். சமயம் அளவு சொன்ன இடத்தில் ஊர்வழக்கு அளவின்மையைப் புகுத்திவிட்டு, அதற்குச் சமயத்தின் பெயரையும் சூட்டிக்கொண்டது.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவதாக, பரிசின் அளவைக் குடும்பத்தினர் கூடி வாய்திறந்து பேசி முடிவு செய்தல் வேண்டும். நத்தார் முடிந்த சனவரியே அதற்குரிய காலம். பேசாமையினாலேயே ஒருவருக்கொருவர் அஞ்சிச் செலவு வளர்கின்றது.

இரண்டாவதாக, நத்தாரன்று பரிசு பிள்ளைகளுக்கு மட்டும் என வரையறுத்தல் தகும். மேற்காட்டிய எட்டுப் பேரில் மூவர் பிள்ளைகளாயின், செலவு 24,000 ரூபாவிலிருந்து 9,000 ரூபாவாகக் குறையும். பெரியவர்களுக்குக் கொடுக்க விரும்புவோர் அறுவடைக்குப் பின் கொடுக்கட்டும். ஸ்பானிய நாட்டிற் பிள்ளைகளுக்குரிய பரிசை மரபாக வழங்கும் நாள் மூவரசர் திருநாளாகிய சனவரி 6 ஆகும். திகதி மாறியதனால் அங்கு எவருடைய விசுவாசமும் குறைந்துவிடவில்லை. நெல் வீட்டுக்கு வந்தபின் தாய்க்கு வாங்கும் சேலை, கடனின்றி வாங்கியது என்பதனாலேயே சிறப்புடையது. அது மருதமுனைத் தறியிற் பிறந்த சேலையாயின், அப்பணமும் ஊரைவிட்டுப் போகாது.

மூன்றாவதாக, முன்கூட்டிச் சேமித்தல் வேண்டும். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் கார்லைல் நகர வங்கியொன்று, வாரந்தோறும் சிறுதொகை செலுத்தி நத்தார்க் காலத்திற் பெற்றுக்கொள்ளும் சேமிப்பு முறையை ஆரம்பித்தது. நம் பெண்களுக்கோ சீட்டு என்பது நெடுநாட் பழக்கம். அதை அறுவடைக் காலத்திற் கூடுதலாகவும் மழைக்காலத்திற் குறைவாகவும் கட்டுவதாக அமைத்தால், வயலின் ஓட்டத்தோடு அது இயைந்து செல்லும். மாதக் கணக்கிற் பார்த்தால், 9,000 ரூபாவுக்கு 750 ரூபாவே போதும். எனினும் பணத்தை அறிமுகமற்ற நிறுவனங்களிடம் ஒப்படைத்தல் ஆகாது. பிரித்தானியாவில் நத்தார்ச் சேமிப்புத் திட்டம் நடத்திய பேர்பாக் நிறுவனம் 2006 ஒக்டோபரில் வீழ்ந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட எளிய குடும்பங்கள் நத்தாருக்கு இரு மாதங்களின் முன் தம் சேமிப்பை இழந்தன. முகமறிந்த பத்துப் பேரின் சீட்டும் தன் பெயரிலுள்ள வங்கிப் புத்தகமுமே பாதுகாப்பு.

இவற்றை யார் தொடங்குவது? வசதி குறைந்தவன் முதலிற் குறைத்தால் அதை ஊர் வறுமை என்று இகழும். வசதியுள்ளவன் குறைத்தால் அதுவே வழக்கமாகிவிடும். பல்கலைக்கழகம் சென்று, தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெறப்போகும் இளைஞரே இன்று நம் ஊர்களின் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர்கள். முதற் சம்பளத்தில் விலையுயர்ந்த பரிசுகளை அடுக்கி ஊரை வியக்கவைப்பது அவர்களுக்கு எளிது. தம்பி தங்கையர்க்கு அளவாக வாங்கிக்கொடுத்து, எஞ்சிய பணத்தில் தாயின் காதுத்தோட்டை அடகிலிருந்து மீட்டுக் கொடுப்பது அதனினும் அரிது. அதனைச் செய்யும் மகனையும் மகளையும் பார்த்து, “நத்தாருக்கு என்ன தந்தார்கள்?” என்று அயலவர் கேட்பாராயின், அத்தாய் கூசாமல் விடை கூறலாம். அவ்விடை ஊரில் நாலு வீடுகளிற் கேட்குமாயின், அடுத்த டிசம்பரிற் பச்சை வயலைக் காட்டிக் கடன் கேட்போரின் தொகையும் குறையும்.