பொற்றாமரை இருக்கச் 'சுவர்ண கமல்' எதற்கு?

நடுவணரசு 1954 முதல் திரைப்பட விருதுகளை வழங்கி வருகின்றது. இந்திய அளவில் தலைசிறந்த படம் எனும் பெருமையைப் பெற்ற தமிழ்ப் படங்கள் மூன்றே: 1990-க்குரிய 'மறுபக்கம்', 2007-க்குரிய 'காஞ்சிவரம்', 2020-க்குரிய 'சூரரைப் போற்று'. அரிதாய்க் கிடைத்த அப்பெருமையாவது தமிழ்ப் பெயரோடு வந்ததா? இல்லை! தமிழ்ப் படத்தின் தலையிலும் 'சுவர்ண கமல்' எனும் வடமொழிப் பெயரே சூட்டப்பட்டது. வெள்ளித் தாமரையோ 'இரசத கமல்' ஆயிற்று!

தில்லி அப்படித்தான் செய்யும். அதை அப்படியே எடுத்தெழுதும் தமிழ் ஏடுகளை என்னென்பது?

'காஞ்சிவரம்' ஒரு பட்டு நெசவாளனின் கதை. அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் தறியோடு வாழ்ந்தவனுக்கு அப்படத்தின் துன்பம் விளங்கும். அதற்குக் கிடைத்த விருதின் பெயர் விளங்குமா? 'பொற்றாமரை' என்று சொல்லுங்கள். மதுரைக் கோயிற் குளத்தை அறிந்த அவன் அக்கணமே அறிவான். நூலின் தகுதியைச் சங்கப் பலகை அளந்த இடமென்று தமிழர் வழிவழியாய்ப் போற்றும் குளமன்றோ அது!

தகுதிக்குரிய பெயர் தமிழனிடம் முன்னரே இருக்கின்றது. தில்லி திருந்தட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. பொற்றாமரை, வெள்ளித் தாமரை என்றே தமிழர் இன்று முதல் எழுதுக! பேசுக! இரவற் பெயரில் பெறும் புகழ் இரவற் புகழே!