தோலில் பூசும் க்ரீம் ரத்தத்தில் கலக்குமா? - செயற்கைச் சவ்வு சோதனை சொல்வதும் சொல்லாததும்

‘தோல் மேலதானே பூசுறோம், உள்ளே எப்படிப் போகும்?’ - க்ரீம் வாங்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், கேரளத்தின் மலப்புரத்தில் 2021 - 2023 காலகட்டத்தில் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் முகத்தை வெளுக்கச் செய்யும் க்ரீம் பூசியதைக் கண்டறிந்தனர். க்ரீமில் இருந்த பாதரசத்தின் மீதே சந்தேகம் விழுந்தது.

அப்படியென்றால் எந்த ரசாயனம், எவ்வளவு வேகத்தில் தோலைக் கடக்கும்? இதை மனிதர்கள், விலங்குகள் மீது பூசிப் பார்க்காமல் கணிக்க உதவுவதுதான் செயற்கைச் சவ்வு.

சோதனை எப்படி நடக்கிறது?

‘ஃபிரான்ஸ் செல்’ என்பது இரண்டு அறைகள் கொண்ட சிறிய கண்ணாடிக் கருவி. அறைகளுக்கு நடுவே சவ்வை விரித்து, மேலே க்ரீமைப் பூசுவார்கள். கீழே ரத்தத்துக்குப் பதிலாக ஒரு திரவம் இருக்கும். தோலின் வெப்பநிலையான சுமார் 32 டிகிரி செல்சியஸில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தத் திரவத்தை எடுத்து, ரசாயனம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். அவ்வளவுதான்!

ஏன் செயற்கைச் சவ்வு?

அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மீது சோதிக்க இந்தியா 2014இல் தடை விதித்தது. அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் மனிதத் தோல் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஆளுக்கு ஆள், உடலின் இடத்துக்கு இடம் மாறும். சிலிகோன், பாலிமர் போன்றவற்றால் ஆன சவ்வு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பத்து ஃபார்முலாக்களில் எது வேகமாக இறங்குகிறது என்று ஒப்பிட இது போதும்.

எங்கே சறுக்குகிறது?

ரசாயனத்தைத் தடுக்கும் முக்கிய வேலையைச் செய்வது 0.02 மி.மீ. அளவே தடிமன் கொண்ட தோலின் வெளி அடுக்கு. சில சவ்வுகள் கொழுப்பு சேர்த்து அதைப் போலவே தயாரிக்கப்படுகின்றன. ஆனால் சவ்வில் முடிக்கால்கள் இல்லை, ரசாயனத்தை உடைக்கும் நொதிகளும் இல்லை. வெடிப்பு, புண், வியர்வை இருக்கும் தோலில் என்ன நடக்கும் என்பதையும் அது காட்டாது.

அதனால்தான் ஓ.இ.சி.டி. அமைப்பின் 428ஆம் வழிகாட்டுதல் (2004) மனித அல்லது விலங்குத் தோலையே கேட்கிறது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பும், களிம்பிலிருந்து மருந்து வெளியேறும் வேகத்தை அளக்கச் செயற்கைச் சவ்வை ஏற்கிறது. தோலை ஊடுருவும் அளவை அறிய மனிதத் தோலைப் பரிந்துரைக்கிறது.

உள்ளே போனாலே ஆபத்தா?

அப்படிச் சொல்ல முடியாது. சில சன்ஸ்க்ரீன் ரசாயனங்கள் ரத்தத்தில் கலப்பதை 2019இல் எஃப்.டி.ஏ. ஆய்வு காட்டியது. ஆனால், ‘சன்ஸ்க்ரீனை நிறுத்த வேண்டாம், மேலும் ஆய்வு தேவை’ என்றே அந்த அமைப்பு கூறியது. எவ்வளவு போகிறது என்பது ஒரு கேள்வி. போனது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. சவ்வு முதல் கேள்விக்குத் தோராயமான பதிலை மட்டுமே தரும்.

நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்று விளம்பரம் சொன்னால், எதன் மீது, எதற்காகச் சோதித்தார்கள் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்பொருட்கள் பட்டியல் இருக்கின்றனவா என்பது. இவை எதுவும் இல்லாத க்ரீம், எந்தச் சோதனையையும் கடந்து வந்ததற்கு ஆதாரமே இல்லை.