கணக்குக் கேட்ட வீதி நாடகம்

புது தில்லி: ராஜஸ்தானில் தகவல் உரிமைக்கான போராட்டம் நடைபெற்ற காலத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் "கோட்டாலா ரத யாத்திரை" ஒன்றை வீதிக்குக் கொண்டு வந்தனர். கோட்டாலா என்றால் ஊழல். அரசியல் தலைவர்கள் வலம் வருவதைப் போன்றே அலங்கரித்த வாகனம், மாலை, முழக்கம் எல்லாம் உண்டு. ஒரே வேறுபாடு, அதில் நின்ற "தலைவர்" ஊழலைப் பெருமையுடன் பேசினார். கூட்டம் சிரித்தது, சிரித்தவர்கள் பிறகு கணக்கும் கேட்டனர்.

அந்தச் சிரிப்புக்கு முன்பே கடும் உழைப்பு நடந்திருந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் நடந்த முதல் மக்கள் விசாரணையில், பொதுப்பணிகளின் செலவுக் கணக்கு ஊரார் முன் வாசிக்கப்பட்டது. காகிதத்தில் முடிந்திருந்த வேலை, களத்தில் முடியாமல் கிடந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது.

ஊராட்சியின் கணக்கைத் திறந்த இந்த வழிமுறை, கட்சிகளின் கணக்கை மட்டும் ஏன் நெருங்கவில்லை? ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனில் உத்தரவிட்டது. கட்சிகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மற்ற விஷயங்களில் எதிரும் புதிருமாக நிற்பவர்களுக்கு இதில் மட்டும் அபூர்வமான ஒற்றுமை!

2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டமோ, நன்கொடையாளரின் பெயரை மறைப்பதையே சட்டமாக்கியது. 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் கைமாறிய பிறகு, 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. முதலில் வெளியான பட்டியல்களில், கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைக்கும் எண்கள் இல்லை. மீண்டும் கண்டித்த பிறகே அவையும் வந்தன.

சட்டப் போராட்டத்தின் வெற்றி இது, ஐயமில்லை. எனினும், மார்ச்சில் கிடைத்த அந்தப் பட்டியல்கள் ஏப்ரலில் தொடங்கிய மக்களவைத் தேர்தலில் வீதிக்கு எவ்வளவு தூரம் வந்தன? நாளேடுகளும் கணினித் திரைகளும் அலசிய அளவுக்குத் தெருமுனைகள் அலசவில்லை. மனுவை நம்பிய அளவுக்கு மேளத்தையும் பொம்மையையும் ஆர்வலர்கள் நம்பாததே இதற்குக் காரணம். நாடகம் தீர்ப்பு வழங்காது என்பது உண்மைதான். ஆனால், எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எப்போது கொடுத்தது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியவைக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கான செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய் என 2022-இல் நிர்ணயிக்கப்பட்டது. முடிவு வெளியான 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி அதை எவரும் பார்வையிடலாம் என்கிறது தேர்தல் நடத்தை விதி. அந்தக் கணக்கை வாங்கி, பந்தல் போட்டவர், கொடி தைத்தவர், வாகனம் வாடகைக்கு விட்டவர் ஆகியோரை அழைத்து, ஊர்ச் சந்தையில் ஒரு மாலைப் பொழுதில் உரக்க வாசித்தால் போதும்.