லூயிஸ் - கிளார்க் பாதையில் ஒரு வகுப்பறை

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் குடும்பங்களுக்கு லூயிஸ் - கிளார்க் பாதையில் கார்ப் பயணம் ஒரு பெரிய கனவு. 1804இல் ஜனாதிபதி ஜெபர்சன் அனுப்பிய குழு மிசௌரி நதி வழியே மேற்கே சென்று, 1805 நவம்பரில் பசிபிக் கடலைத் தொட்டது. இன்று அந்தப் பாதை 16 மாநிலங்களில் சுமார் 4,900 மைல் நீள்கிறது. அத்தனையையும் ஒரே விடுமுறையில் பார்க்க நினைத்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது நெடுஞ்சாலைதான்!

மூன்று இடங்கள் போதும்.

முதலில் வடக்கு டகோட்டாவின் நைஃப் ரிவர் கிராமங்கள். முதல் குளிர்காலத்தில் குழுவின் பசியைத் தீர்த்தது இப்பகுதிப் பழங்குடியினர் கொடுத்த மக்காச்சோளம். ஆளில்லாத காட்டைக் கண்டுபிடித்த கதை அல்ல இது என்பது அங்கே புரியும்.

அடுத்தது மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ். அருவிகளைத் தாண்ட 18 மைல் தூரம் படகுகளைத் தரையில் இழுத்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் போனது. பிள்ளைகள் ஒரு மைலாவது நடக்கட்டும்.

கடைசியாக ஓரிகன், கிளாட்சாப் கோட்டை. குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று முடிவு செய்தபோது கிளார்க்கின் அடிமை யார்க்கின் கருத்தையும் கேட்டார்கள். ஊர் திரும்பியதும் மற்ற வீரர்களுக்குச் சம்பளமும் நிலமும் கிடைத்தன. யார்க் அடிமையாகவே இருந்தார்.

ஏன்? பின்சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும், பெட்ரோல் செலவு வீணில்லை.