தாயின் அறைக்கும் அனுமதி வேண்டும்

சென்ற மாதம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வசிக்கும், என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என நீளும் பழைய வீடு. கூடத்துச் சுவரில் இருந்த சிறு கேமராவின் மேல் ஒரு துண்டு போர்த்தப்பட்டிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன், பெற்றோரைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வதற்காகப் பொருத்திச் சென்றாராம். நண்பரின் துணைவியார் சிரித்தபடிதான் சொன்னார்: “பிள்ளை நல்லதுக்குத்தான் வெச்சிருக்கான். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

காவிரிப் பாலத்தைக் கடந்து திரும்பும் வழியெல்லாம் அச்சொல் உறுத்தியது. பாலக்கரையில் எங்கள் பழைய வீட்டில் தனியே இருக்கும் என் தாயாரின் அறைக்கென நானும் ஒரு கேமரா வாங்கி வைத்திருந்தேன். அவர்களிடம் நானும் கேட்கவில்லை.

ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை தளர்த்தும் போதும், இஷாவுக்குப் பின்பும் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுப் பணியாளரும் சிறு பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே அறைக்குள் வரவேண்டும் என்கிறது திருக்குர்ஆன் (24:58). இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இன்னும் நேரடியான ஓர் அறிவிப்பு உண்டு. தாயிடம் செல்லவும் அனுமதி கேட்கவேண்டுமா என ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவுகிறார். ஆம் என்று பதில் வருகிறது. அவருடன் ஒரே வீட்டில்தான் வாழ்கிறேன், அவருக்குப் பணிவிடை செய்பவனே நான்தான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியும் பதில் மாறவில்லை. தாயை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாயா என்பதே நபியவர்கள் காட்டிய காரணம். பணிவிடை செய்யும் மகனுக்கே இது விதி. கேமரா அன்பின் பெயரால் வைக்கப்பட்டது என்பதால் மட்டும் அவ்விதி தளர்ந்துவிடாது.

இணையத்தோடு இணைந்த எல்லாக் கருவிகளையும் நான் குறை கூறவில்லை. தண்ணீர் மோட்டாரைக் கைப்பேசியால் நிறுத்துவதிலும், ஏசியை வெளியிலிருந்தே அணைப்பதிலும் யாருடைய மானமும் இல்லை. கண்ணும் காதும் உடைய கருவிகளே என் கவலை.

இவற்றின் படம் பெரும்பாலும் நேரே நம் கைப்பேசிக்கு வருவதில்லை. நிறுவனத்தின் கணினிகள் வழியாகவே வருகிறது. அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், படுக்கையறை, குளியலறைகளில் பெண்கள் பொருத்தியிருந்த கேமராக்களின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023 மே மாதத்தில் குற்றஞ்சாட்டியது. 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2025 பிப்ரவரியில், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் களவாடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது வெளியாயிற்று. கேமராவோடு வந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டுவிடுவது இத்தகைய திருட்டுக்கு எளிய வாசல்.

எனினும் அந்நியத் திருடனைவிட என்னை அதிகம் கலங்கச் செய்வது குடும்பத்துக்குள் நடப்பதே. ஒரே கடவுச்சொல் அண்ணனிடமும் தம்பியிடமும் மருமகனிடமும் இருக்கிறது. வளைகுடாவில் நால்வர் தங்கும் அறையில், ஒரு மகன் தன் வீட்டுக் கூடத்தைக் கைப்பேசியில் திறந்து பார்க்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்வாரா? கொழுந்தன் எதிரில் முக்காடின்றி வராத மருமகள், அவர் துபாயிலிருந்து பார்ப்பதை அறியாமல் நடமாடுகிறார். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. ஆக இங்கே அந்தச் சட்டம் துணைக்கு வராது. நம் பேணுதல்தான் வரவேண்டும். வாசல் கேமராவிலும் ஒரு கவனம் தேவை. நம் குறுகிய தெருக்களில் அது எதிர்வீட்டு நிலைப்படியையும் சேர்த்தே படம் பிடிக்கும்.

தனியே இருக்கும் முதியவர் இரவில் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அந்த அச்சத்தில்தான் நானும் வாங்கினேன். கேமரா விழுவதைக் காட்டலாம், ஓடிவந்து தூக்காது.

மறுநாள் பெட்டியை எடுத்துச் சென்று தாயாரின் முன் வைத்துக் கேட்டேன். சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “வாசல்ல மாட்டுப்பா, யாரு வர்றாங்கன்னு பாத்துக்கிறேன். உள்ளே வேணாம். தஹஜ்ஜுதுக்கு எந்திரிக்கிறப்ப தலையில துணி இருக்கோ இல்லையோ” என்றார்கள்.

வாசலில் மாட்டிவிட்டேன். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியாயிற்று. இஷாவுக்குப் பின் பக்கத்து வீட்டுச் சகோதரி ஸலாம் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.