கிடாரம் போன வழி

குருநகர்ச் சகோதரிகளுக்கு விலை பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் கூறி விற்கும் இடத்திற்கு ஒரு நாளாவது சென்று பார்த்தவர்கள் இதனை அறிவர். ஒரு குவியல் மீனைக் குறைத்துக் கேட்டவனை அவர்கள் பார்க்கும் பார்வையிலேயே அவன் அடுத்த கேள்வியை உயர்த்திக் கேட்டுவிடுவான். அத்தகைய பெண்மணிகள் வீட்டிலே கிடக்கும் வேண்டாத தட்டுமுட்டுச் சாமானை விற்கும்போது மட்டும் ஏன் ஊமைகளாகிவிடுகின்றனர்? இவ்வாரம் எம் மனத்தை அரிக்கும் வினா இதுவே.

யூலை 25இல் வரும் புனித யாகப்பர் திருவிழாவுக்கு முன்னதாக வீடு கழுவி வெள்ளையடிக்கும் காலத்தில், எமக்கு நெடுநாட் பழக்கமான மூதாட்டி ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பிள்ளைகள் மூவரும் பிரான்சில். தாயாரையும் தம்மோடு அழைத்துக்கொள்ள ஆயத்தம் செய்திருந்தனர். "எல்லாத்தையும் வித்துப்போட்டு வாங்கோ அம்மா, இஞ்ச ஒண்டும் தேவையில்லை" என்று மூத்த மகள் தொலைபேசியிற் சொன்னாளாம். சொல்வது எளிது. அம்மையார் முற்றத்தில் வாங்கொன்றைப் போட்டு, அதன்மேல் மூக்குப்பேணிகளையும் சருவங்களையும் அடுக்கிவைத்து, எதை முதலில் தொடுவதென்று அறியாது நின்றார்.

படலைக்கு வெளியே பழைய இரும்பு, பித்தளை வாங்குபவரின் குரல் கேட்டது. கால் நாழிகைக்குள் கிடாரம் தராசில் ஏறிவிட்டது. "அம்மா, இது ஈயம் போன சாமான், அடியும் நெளிஞ்சு போச்சு" என்றார் அவர். "பாத்துப் போடு தம்பி" என்றார் அம்மையார். பேரம் அவ்வளவே. அவர் சொன்ன நிறை 14 கிலோ. மீன் நிறுக்கும் தராசு அதே வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எடுத்து ஒரு முறை நிறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எமக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கிடாரத்தின் கதையை அவர் பின்னர்தான் கூறினார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல்களை விட்டு, செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, அவரது கணவர் அதனைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனாராம். அன்று தூக்கிச் சென்ற பொருட்களை வழியிலும் தங்குமிடங்களிலும் அகப்பட்ட விலைக்கு விற்று அரிசி வாங்கியவர்கள் பலர். 1996இல் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. கிணற்றில் கிடாரம் இருந்தது. அதன் பின்னர் அந்த ஒழுங்கையில் நடந்த கலியாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் அதிலேதான் சோறு வெந்தது.

விற்று எட்டாம் நாள், முப்பத்தோராம் நாட் சாப்பாட்டுக்காகப் பக்கத்து வீட்டார் வந்து, "அக்கா, கிடாரத்தை ஒருக்காத் தாறீங்களோ" என்று கேட்டபோதுதான் அம்மையாருக்கு நெஞ்சு திடுக்கிட்டது. பையனை அனுப்பி விசாரித்தார். கிடாரம் நசுக்கப்பட்டு, மற்றைய பித்தளையோடு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போயிருந்தது.

பழஞ்சாமான் வாங்குபவரைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. அவர் வாங்குவது உலோகத்தை. உலோகத்துக்கே விலை கொடுத்தார். பாத்திரமாக வாங்கக்கூடியவர்கள் யாரென்று விற்பவர் அல்லவா எண்ணியிருக்க வேண்டும்? ஒழுங்கையிலுள்ள மாதர் சங்கமோ மரண உதவிச் சங்கமோ அதனை மகிழ்வோடு வாங்கியிருக்கும். ஆனால் அவர்களிடம் போய்க் கேட்பதற்கு அம்மையாரின் நாக்கு எழவில்லை. காரணம் வெட்கம். வீட்டுச் சாமானை வெளியே எடுத்தால், "அவை நொடிஞ்சு போச்சினம்" என்று ஊர் சொல்லுமாம்! ஆகையால் யாரும் காணுமுன் படலையோடு படலையாக முடித்துவிடுகிறோம். வெட்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

அம்மையார் போய்ச் சேரவிருக்கும் நாட்டிலே இந்த வெட்கம் இல்லை. பிரான்சில் ஊரவர் கூடித் தெருவோரத்திலும் மைதானத்திலும் தத்தம் வீட்டுப் பழம் பொருட்களைப் பரப்பி விற்கும் நாட்கள் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் 'பரணை வெறுமையாக்குதல்' என்பதாம். வியாபாரி அல்லாதவர் ஆண்டுக்கு 2 தடவைக்கு மேல் அவ்வாறு விற்கலாகாது என்று சட்டமும் வைத்திருக்கின்றனர். கனடாவில் மோட்டார் வண்டிக் கொட்டகையின் கதவைத் திறந்துவைத்து விற்கிறார்கள். உத்தியோகத்தரும் ஆசிரியரும் அங்கே நின்று பழைய கோப்பைக்கு விலை சொல்கின்றனர். யாரும் அவர்களை ஏழைகளென்று எண்ணுவதில்லை.

நம்மிடம் அதற்குரிய பழக்கம் இல்லையென்றும் சொல்ல முடியாது. திருவிழாக் காலத்தில் ஆலய முன்றிலிலே நேர்த்திக்கு வந்த கோழியையும் வாழைக்குலையையும் ஏலம் கூறும்போது ஊரே கூடி நின்று சிரித்துச் சிரித்து விலையை ஏற்றுகிறதே! அந்த முற்றத்திலோ பங்கு மண்டபத்திலோ ஆண்டுக்கொரு நாள் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து தம் பொருட்களை விலைத்துண்டு ஒட்டிப் பரப்பிவைத்தால் என்ன? எது யாருடையது என்று எழுதவும் வேண்டாம். விலைப்படாது எஞ்சியவற்றை வின்சென்ட் டி போல் சபையாரிடம் ஒப்படைத்தால் வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரும். பழைய வலைகளையும் மறந்துவிடாதீர்கள். கடலுக்கு உதவாத வலை பாகற்பந்தலுக்கும் கோழிக்கூட்டுக்கும் உதவும்; தோட்டக்காரர் தேடி வருவர்.

இக்காலத்தில் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து 'இக்மன்' போன்ற இணையச் சந்தைகளில் விளம்பரம் செய்வோரும் பலர். தையல் மெசின், குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றுக்கு இது நல்ல வழியே. ஆனால் தனித்திருக்கும் பெண்கள் முன்பின் அறியாதவரைப் பொருள் பார்க்க வீட்டுக்குள் அழைக்கலாகாது. பணம் அனுப்புவதாகக் கூறி உங்கள் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவன் வாங்க வந்தவன் அல்லன். மோட்டார் சைக்கிளை விற்பவர்கள், வெற்றுக் கடதாசியிற் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்க வேண்டாம். உரிமை மாற்றம் பதிவாகும்வரை, அவ்வண்டி எங்கே யாரை மோதினாலும் பொலிசார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கே.

பெட்டகத்தையும் அலுமாரியையும் கொடுக்குமுன் இழுப்பறைகளை முற்றாக வெளியே எடுத்துப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் ஆகியவை அடிப்பலகைக்குள் நழுவிக் கிடப்பதுண்டு.

புத்தகங்களைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கடதாசி கிலோக் கணக்கிற் போகிறது; போய்க் கச்சான் சுருளாகத் திரும்பி வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான ஊரில், வீட்டுப் பரணில் தப்பிக் கிடக்கும் ஒரு பழைய பாடப்புத்தகமும், கலியாண வாழ்த்துமடலும், கல்வெட்டுப் புத்தகமும் வெறும் கடதாசிகள் அல்ல. 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் நிறுவனத்தார் இத்தகையவற்றை மின்வடிவிற் படியெடுத்துக் காத்து வருகின்றனர். அவர்களிடம் காட்டிய பின்னர் எடைக்குப் போடலாம். ஏட்டுச் சுவடியோ மிகப் பழைய நாணயமோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவையென நம்பத்தக்க இத்தகைய பொருட்களை, 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, உத்தரவுப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பயணப் பெட்டியில் மறைத்து வைத்து விமான நிலையத்தில் அழ வேண்டாம்.

அம்மையாரிடம் மிஞ்சியிருந்த பெரிய பொருள் தையல் மெசின். கிடாரத்தின் பின் அவர் படலைக்கே போகவில்லை. எண்ணெய் விட்டுத் துடைத்து, ஒரு துணியிலே தையல் ஓட்டிக் காட்டுவதற்காக ஊசியிலே நூலும் கோத்து விறாந்தையில் வைத்தார். விலையை ஒரு துண்டில் எழுதி ஒட்டினார். இருவர் வந்து குறைத்துக் கேட்டனர்; மீன் சந்தையிற் பார்க்கும் பார்வையையே பார்த்தார். மூன்றாவதாக, நாலு வீடு தள்ளி வாழும் இளம்பெண் வந்து, "மாமி, மூண்டு தவணையாத் தரட்டோ" என்றாள். சம்மதித்தார். கடைசித் தவணை பயணத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. அன்று அவளிடம் பொத்தான்கள் நிறைந்த பழைய பிஸ்கற் பேணி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அதற்கு விலை கேட்கவில்லை.